பொருந்தாததை வெட்டி விடவும்

“எப்ப தொட்டுப் புள்ள நீ மலாய்க்காரி?”

றபீக்கா போட்ட சத்தத்தில் டைப்பிங் கிளாஸே திரும்பிப் பார்த்தது.

சித்தி லைலாவின் மேசையில் அரசாங்க டைப்பிஸ்ட் வேலைக்கான போர்ம் கிடந்தது. ‘இனம்’ என்ற இடத்தில் ஐந்தாறு பெயர்கள். ‘பொருந்தாததை வெட்டி விடவும்’ என்று ஒரு குறிப்பு. அவள் மற்ற எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, ‘மலாயர்’ என்பதை மட்டும் விட்டிருந்தாள்.

“வாப்பாட வாப்பா மலாயர்தானே கா. பொலிசில வேலையாகி இஞ்ச வந்தவர்” என்றாள் லைலா.

“உன்ட உம்மா சோனகர். வாப்பாட உம்மாவும் சோனகர். உனக்கு மலாயில ஒரு சொல்லுத் தெரியுமா?”

“தெரியாது. ஆனா ஆர்ட இனத்தப் போடணும் எண்டு போர்மில ஒண்டும் இல்லையே. ரெண்டும் பிழையில்ல.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் றபீக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த முறை அம்பாறை மாவட்டத்துச் சோனகருக்கு, அதாவது அங்குள்ள தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கு, ஒரே ஓர் இடம். மலாயர், பறங்கியர் போன்றவர்களுக்குத் தனியாக இன்னோர் இடம். கல்முனைக் கரையில் லைலாவின் வீட்டை விட்டால் மலாயர் என்று யார் இருக்கிறார்கள்? போட்டியே இல்லை! இவ்வளவு காலமும் சோனகர் என்று எழுதிய கை, வேலை என்றதும் எப்படித் திரும்பிவிட்டது!

றபீக்காவும் அதே வேலைக்குப் போர்ம் நிரப்பியிருந்தாள்; அவளுக்கு அது உயிர். வாப்பா மீராசா நாரிப் பிடிப்பில் இடுப்பு நிமிராமல், கடலுக்குப் போகாமல் இரண்டு வருஷம். அவளுக்குப் பின்னால் மூன்று தங்கைகள்.

“இனத்த வித்து உத்தியோகம் வாங்கப் போறா” என்று சாய்ந்தமருதில் தெரிந்த வீடெல்லாம் சொல்லித் தீர்த்தாள். லைலாவுடன் கதைப்பதையும் நிறுத்திவிட்டாள்.

வேலைக்கான எழுத்துச் சோதனைக்கு ஒரு கிழமை இருக்க, லைலா பழைய வினாத்தாள்களோடு வீடு தேடி வந்தாள். றபீக்கா வெளியே வரவில்லை. உம்மாதான் வாங்கி வைத்தார்.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. றபீக்காவுக்கு வேலை கிடைத்துவிட்டது! “அல்ஹம்துலில்லாஹ்!” என்று உம்மா அழுதார். தங்கைகள் தெருவெல்லாம் சீனி கொடுத்தார்கள். மீராசா நாரியை மறந்து, கடிதத்தோடு கடற்கரைக்கே நடந்து போனார், கூட்டாளிமாருக்குக் காட்ட.

லைலாவுக்கும் கிடைத்திருந்தது.

‘கிடைக்காமல் போகுமா? தனியாளாக ஓடின ஓட்டம்’ என்று நினைத்துக்கொண்டாள் றபீக்கா.

சான்றிதழ்களைக் கொடுக்க இருவரும் அரசாங்கக் கந்தோருக்குப் போனார்கள். வயதான பெரிய கிளாக்கர் விண்ணப்பக் கோவையைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியை உயர்த்தினார்.

“இதில ஆர் சித்தி லைலா?”

“நான்தான் சேர்.”

“மலாயர், பறங்கியருக்கு நாடு முழுக்கச் சேர்த்து ஒரே இடம்தான் பிள்ள. கொழும்பு, கண்டி, அம்பாந்தோட்டை எண்டு இருநூத்திப் பதினேழு பேர் எழுதினவங்க. எல்லாரையும் முந்தி வந்திருக்கிறீங்க!”

றபீக்கா சட்டென்று நிமிர்ந்தாள்.

“ஆனா ஏன் இந்த வீண் வேலை?” கிளாக்கர் விடவில்லை. “சோனகர் எண்டு போட்டிருந்தா எங்கட மாவட்டத்திலயே நீங்கதான் முதலாவது. இந்தப் பிள்ளை புள்ளியில உங்களுக்குப் பிறகுதான். கெசட்டில எல்லாம் வடிவா எழுதிக் கிடந்ததே, பார்க்கல்லையா?”

“பார்த்தன் சேர்.”

“மறுகா ஏன் இப்பிடி?”

லைலா றபீக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இஞ்ச ஒரு இடம்தான் சேர் கிடந்திச்சு. நாங்க ரெண்டு பேர்.”