எண்ணிக்கை குழம்பக் கூடாது

மகனைப் புதைத்த மண்ணின் ஈரம்கூடக் காயவில்லை. தகப்பன் கசினோவில் நிற்கிறான்.

மாதா கோயிலில் சிசிலி அக்கா சொன்னபோது யோசெப் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு காரை எடுத்துக்கொண்டு வந்தார். சொன்னது உண்மைதான். தங்கச்சி எலிசாவின் புருஷன் றெனோல்ட், பிளாக்ஜாக் மேசை ஒன்றின் பின்னால் நின்று, ஆடுகிறவர்களின் தோளுக்கு மேலால் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன செய்யிறீர் இஞ்சை?"

றெனோல்ட் திரும்பவில்லை. "பொறுங்கோ மச்சான். கதைச்சால் எண்ணிக்கை குழம்பிப்போம்."

"என்ன எண்ணிக்கை?"

சீட்டுப் போடுகிறவள் எல்லாவற்றையும் அள்ளிக் கலைக்கத் தொடங்கிய பிறகுதான் அவன் வாய் திறந்தான்.

"ரெண்டிலையிருந்து ஆறு மட்டும் வந்தால் ஒண்டு கூட்டவேணும். பத்து, ராசா ராணி மாதிரிப் படம், ஆசு வந்தால் ஒண்டு கழிக்கவேணும். நடுவிலை உள்ளதுக்கு ஒண்டுமில்லை. ஒவ்வொண்டா எண்ணினால் பிந்திப்போம். ரெண்டு ரெண்டாப் பாக்கவேணும். சின்னதும் பெரிசும் சேந்து விழுந்தால் ரெண்டையும் வெட்டிவிடலாம். ஆர் என்ன கேட்டாலும் மனசிலை நிண்ட எண்ணிக்கையை மட்டும் விடக் கூடாது."

அடக்கத்துக்குப் பிறகு அவன் இவ்வளவு நீளமாகக் கதைத்து யோசெப் கேட்டதில்லை. சூது தலைக்கேறிவிட்டது என்று நினைத்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

காரில் ஏறியதும் றெனோல்ட் கண்களை இறுக்கி மூடிக்கொண்டான். காரில் ஏறினால் இப்போதெல்லாம் அப்படித்தான். தை மாதம், கண்ணாடிபோல உறைந்து கிடந்த றோட்டில் வழுக்கிப் போய் லொறியில் அடிபட்டது அவன் ஓட்டிய கார். பக்கத்து சீட்டில் இருந்தவன் டனிஸ்ரன். ஒரே பிள்ளை.

"எலிசாவை நினைச்சுப் பாத்தீரோ? பெத்தவள். அவள் வேலைக்கும் போய், சமைச்சும் வைக்கிறாள். நீர் இஞ்சை வந்து சூதாடுறீர்."

"நான் ஆடுறேல்லை மச்சான்."

"சும்மா நிண்டு பாக்கவோ ஆக்கள் கசினோவுக்குப் போறவை? டனிஸ்ரன்ரை பேரிலை சத்தியம் பண்ணும். இனி இந்தப் பக்கம் வரமாட்டன் எண்டு."

றெனோல்ட் மூடிய கண்ணைத் திறக்காமலே, "சத்தியம்" என்றான்.

அவர்கள் குடியிருக்கும் லாசாலுக்குள் வந்ததும், "ஆத்தங்கரையிலை இறக்கி விடுங்கோ. கொஞ்சம் நடந்திட்டு வாறன்" என்றான்.

பச்சாத்தாபப்படுகிறான், படட்டும் என்று யோசெப் இறக்கிவிட்டார்.

எலிசா கோயிலால் வந்து இஸ்திரிப்பெட்டியால் உடுப்பு மினுக்கிக்கொண்டிருந்தாள். யோசெப் நடந்ததை முழுக்கச் சொன்னார். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"இனிப் போகான். பிள்ளையின்ரை பேரிலை சத்தியம் வாங்கிப்போட்டன்."

எலிசா மினுக்குவதை நிறுத்தினாள்.

"அண்ணை, அவருக்கு அந்தக் கணக்கைப் பழக்கினதே நான்தான்."

யோசெப்புக்கு விளங்கவில்லை.

"மாசி மாதம் அவர் தன்னை முடிச்சுக்கொள்ளப் பாத்தவர். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கண்ணை மூடினால் பிள்ளை 'அப்பா' எண்டு கத்தினது கேக்குதாம். ரீவியிலை ஒரு பெடியன் காட் எண்ணுறதைப் பற்றிச் சொன்னான். எண்ணேக்கை வேறை ஒண்டும் தலைக்குள்ளை வராதாம். ஒரு கட்டு வாங்கி வந்து, றேடியோவைச் சத்தமாப் போட்டிட்டு, இந்த மேசையிலை நான் போடுவன், அவர் எண்ணுவார். நான் வீட்டிலை இல்லாத நேரம்தான் அங்கை போய் நிக்கிறவர். ஒருநாளும் காசு வைச்சு ஆடினதில்லை."

"எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

"சூதாடி எண்டு சனம் கதைச்சால் கதைக்கட்டும் எண்டு விட்டிட்டன்." அவள் மினுக்கியின் வயரைக் கழற்றினாள். "இப்ப ஆள் எங்கை?"

"ஆத்தங்கரையிலை இறக்கிவிட்டன்."

மேசை லாச்சியிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு, கோட்டுக்கூடப் போடாமல் எலிசா படியிறங்கினாள். யோசெப்பும் பின்னாலேயே ஓடினார்.

பனி உருகி ஆறு இரைந்துகொண்டிருந்தது. றெனோல்ட் கரைக் கற்களையும் தாண்டிக் கீழே நின்றான். முழங்கால் வரை தண்ணீர்.

எலிசா கூப்பிடவில்லை. சப்பாத்தோடு இறங்கிப்போய் அவன் கையைப் பிடித்தாள். கூட்டிவந்து கரையில் கிடந்த மர வாங்கில் இருத்தினாள். சீட்டுக்கட்டைக் கலைத்து, இருவருக்கும் நடுவில் இரண்டு இரண்டாகப் போடத் தொடங்கினாள். காற்றுக்கு ஒரு கையால் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

"எண்ணுங்கோ."

ஐந்தும் ராசாவும் விழுந்தன. அவன் குனிந்து பார்த்தான். நாலும் ஆறும் விழுந்தன.

"கூட்ட ரெண்டு" என்றான். பல்லுகள் அடித்துக்கொண்டன.

எட்டும் மூன்றும்.

"கூட்ட மூண்டு."

"சரி" என்றாள் எலிசா. சீட்டைத் திரும்பப் பார்க்காமல் அவன் முகத்தையே பார்த்தாள். போட்ட சீட்டெல்லாம் ஏற்கெனவே அவள் கைக்குள் ஒதுங்கியிருந்தது.

தன் கோட்டைக் கழற்றித் தங்கச்சியின் தோளில் போட்ட யோசெப்புக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"திருப்பிப் பாராமல் சரியெண்டு எப்பிடிச் சொல்லுறாய், பிள்ளை?"

எலிசா அடுத்த இரண்டையும் போட்டாள்.

"நானும் எண்ணிக்கொண்டுதானே அண்ணை இருக்கிறன்."