தானே பிடிக்கும் கருவி

"ஆபரேஷன் முடியுற வரைக்கும் உங்க கருவி அசையவே இல்லையாம், ரத்தினவேல். டாக்டரே போன் பண்ணிப் பாராட்டினார்," என்றார் மேனேஜர் மோகன்குமார்.

வயிற்றை அறுத்ததும் உள்ளே தெரியும்படி விரித்துப் பிடிக்கிற கருவி அது. இதுவரை ஓர் ஆள் நின்று கையால் இழுத்துப் பிடிக்க வேண்டும். ரத்தினவேல் வரைந்த புது மாடலை மேசையோரக் கம்பியில் மாட்டித் திருகை முடுக்கினால் போதும், அதுவே நிற்கும்.

"ஆபரேஷன் தியேட்டர் பக்கமே போகாத ஆளு நீங்க. பிடிக்கிறவங்க தோள்வலி உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ரத்தினவேல் சிரித்து மழுப்பிவிட்டு, சிப்காட் தொழிற்பேட்டை வாசலில் கம்பெனி பஸ் ஏறினான்.

வீட்டில் மனைவி வினிதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போலத் தைலத்தை எடுத்து அவள் வலது தோளில் தேய்க்கத் தொடங்கினான். கருவி தேறட்டும் என்று இத்தனை நாள் அவளிடம் மறைத்ததை இன்று சொல்லிவிட வேண்டியதுதான்.

"இனிமே தைலம் வேணாங்க," என்றாள் வினிதா. "ஆபரேஷன்ல பிடிச்சுக்கிட்டு நிக்க ஆள் தேவையில்லையாம். நாளைல இருந்து ஆஸ்பத்திரிக்கு வரவேணாம்னு சொல்லிட்டாங்க."

"ஏன்?"

"தானே பிடிச்சுக்கிற மாதிரி புதுசா ஒண்ணு வந்திருக்கு. எந்தப் பாவி செஞ்சானோ."

தைலம் காய்ந்த பிறகும் அந்தத் தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.