டேப் தீரும் வரை

"நேயர்களே, முக்கியச் செய்தி. நம் நாட்டு அதிபர் இன்றும் குளிக்க மறுத்துவிட்டார்."

ஒலிப்பதிவுக் கூடத்தின் ஸ்பீக்கரில் ஒன்பது வயதுக் குரல் கணீரென்று ஒலித்தது. அதிபருக்கு இப்போது ஐம்பத்தேழு வயது. ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். குளித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

செய்தி வாசித்த தங்கை பக்கத்திலேயே நின்றாள். வீட்டில் அவளுக்கு இன்றைக்கும் ரேடியோ என்றுதான் பேர். சின்ன வயதில் பேசிப் பதிவு செய்த பன்னிரண்டு கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ள வந்திருந்தாள். பழைய குரலைக் கேட்க அம்மாவும் கிளம்பி வந்து மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஓய்வு பெற்ற நர்ஸ். ஒடிந்த மூக்குக்கண்ணாடிக் காலுக்குப் பிளாஸ்திரி சுற்றியிருந்தாள்.

பதினொரு கேசட் சிரித்துக்கொண்டே முடிந்தது. இந்தப் பன்னிரண்டாவதுதான் வில்லங்கம்.

கப்பல் வேலைக்குப் போன அப்பா கடைசியாகப் பேசி அனுப்பிய கேசட் அது. அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு வரித் தகவல்கூட இல்லை. அம்மா மட்டும் ஒரு முறை கேட்டிருந்தாள். பிள்ளைகள் கேட்பதற்குள் ரேடியோ அதன்மேல் தன் நிகழ்ச்சியைப் பதிவு செய்துவிட்டாள். அன்று அண்ணன் அழுத அழுகையில் அம்மா அதைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள். நாற்பத்தைந்து வருஷம் கழித்துப் போன வாரம்தான் வெளியே வந்தது.

அடியில் இருக்கும் அப்பா குரலை எப்படியாவது எடுத்துத் தரும்படி அண்ணன் ஒலிப்பதிவாளரைக் கேட்டார். மேலே பதிந்துவிட்டால் அடியில் இருந்தது போனது போனதுதான் என்றார் அவர். அதோடு சும்மா இருந்திருக்கலாம். யாரும் அழித்துவிடக் கூடாதென்று கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள சின்னத் துண்டை அப்பா உடைத்தே அனுப்பியிருக்கிறார், அந்த ஓட்டையை யாரோ பிளாஸ்திரியால் அடைத்த பிறகுதான் மறுபடி பதிவாகியிருக்கிறது என்பதையும் சொல்லிவைத்தார்.

அண்ணன் தங்கை பக்கம் திரும்பினார்.

"தெரியாம நடந்துடுச்சுன்னு இத்தனை வருஷம் நினைச்சேன். நீ ஓட்டையை அடைச்சுட்டுல்ல செஞ்சிருக்கே. இன்னைக்காவது மன்னிப்பு கேளு."

ஒட்டியதாக அவளுக்கு நினைவே இல்லை. தலைகுனிந்தும் பழக்கமில்லை.

"கேட்க மாட்டேண்ணா. அப்பா போனதுக்கப்புறம் அந்த வீட்ல யாராவது சிரிச்சாங்கன்னா அது என் செய்தியைக் கேட்டுத்தான். இதையும் ஏத்திக்கிட்டுத்தான் போவேன். ஒரு வார்த்தைகூட வெட்ட மாட்டேன்."

"அப்பா குரலை அழிச்சுட்டு எவ்வளவு திமிர் பாரு."

"ஆமா, திமிர்தான். ஒன்பது வயசுல தனி ஆளா நிலையம் நடத்தினவளுக்கு அதுகூட இருக்கக் கூடாதா?"

ஸ்பீக்கரில் நிகழ்ச்சி முடிவுக்கு வந்துகொண்டிருந்தது.

"நேயர்களே, டேப் தீரும்வரை பேச வேண்டும் என்பது நிலைய இயக்குநரின் உத்தரவு. ஆனால் செய்தி வாசிப்பவருக்குப் பசிக்கிறது. வணக்கம்."

இயக்குநரா? அப்படி ஒருவர் இருந்ததே ரேடியோவுக்கு மறந்துபோயிருந்தது.

டொக்கென்று ஒரு சத்தம். ஒலிப்பதிவாளர் நிறுத்தப் போனார். அதற்குள் ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல் கரகரத்தது.

அண்ணன் இரண்டடி முன்னால் வந்தார். "அப்பா" என்றார், பன்னிரண்டு வயதுப் பையனைப் போல.

"...அதனால இனிமே என்னை எதிர்பார்க்காதே. எனக்கு இங்கே வேற குடும்பம்னு ஆயிடுச்சு. பசங்ககிட்ட நீயே ஏதாவது சொல்லிக்கோ."

டேப் தீர்ந்தது.

அண்ணனின் கை தங்கையின் தோளைத் தேடி வந்து உட்கார்ந்தது.

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிரிந்திருந்த பிளாஸ்திரியை நீவி ஒட்டி, மறுபடி மாட்டிக்கொண்டு, மகளை முறைத்தாள்.

"டேப் தீர்ற வரைக்கும் பேசுன்னுதானே சொன்னேன், ஏன்டி நிறுத்தினே?"