ஆந்தையார் கண்ட பிழை

பிழையை எடுத்துவிட்டாள்.

இப்போது அந்தக் கணினி நிரலில் குற்றம் குறை எதுவும் இல்லை. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. விரல் மட்டும் பொத்தானுக்குப் போகாமல் சண்டித்தனம் செய்தது.

யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் கணித நிரல்களின் தொகுப்பு அது. ஊர் பேர் தெரியாத பலர் கூலியில்லாமல் எழுதிச் சேர்க்கிறார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் வரி வரியாகப் பார்த்துத் தலையசைத்தால்தான் உள்ளே போகும்.

அவள் எழுதியது சின்னக் கூட்டத்துக்கான கணக்கு. ஒரு நோய் ஏழெட்டுப் பேருக்குத்தான் வந்திருக்கிறது என்றால், அந்த ஏழெட்டுப் பேரை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று காட்டும் கணக்கு. மருத்துவமனையின் புள்ளிவிவரப் பிரிவில் வேலை பார்த்த காலமெல்லாம் அதைத்தான் செதுக்கினாள். அவள் ஓய்வு பெற்றதும் அங்கே அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார்கள். தொகுப்பில் ஏறிவிட்டால் எங்கோ ஒரு மருத்துவருக்கு உதவும். அந்த ஆசையில் பொய் இல்லை.

சரிபார்ப்பவர் ஆணா பெண்ணா, கிழமா இளசா, எதுவும் தெரியாது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆந்தைப் படம். அவளாகவே ஆந்தையார் என்று பெயர் வைத்துக்கொண்டாள்.

ஆந்தையார் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிற ஆசாமி. புள்ளிக்குப் பின்னால் பத்தாவது இலக்கத்தில் பதுங்கியிருக்கும் தப்பைக்கூடக் காதைத் திருகி இழுத்து வந்துவிடுவார். ஆனால் எழுத்தில் கடுகடுப்பே இருக்காது.

"ஒரே ஒரு எண்ணை மட்டும் கொடுத்தால் இது என்ன செய்யும்?" என்று முதல் தடவை கேட்டிருந்தார். கீழே, "உங்கள் பக்கமும் மழையா?"

ஒற்றை எண்ணை அவள் யோசிக்கவே இல்லை. ஒப்பிட இன்னொன்று இல்லாமல் நிரல் திணறி நின்றது. தனியாகக் குடியிருப்பவள், போயும் போயும் அதையா மறப்பாள்! சத்தியமாக அது தெரியாமல் செய்த பிழை.

அடுத்தது தெரிந்தே செய்தது.

திருத்தி அனுப்பினால் பேச்சு முடிந்துவிடுமே என்று பயந்து, ஓர் இடத்தில் கூட்டலைக் கழித்தலாக்கி அனுப்பினாள். ஆந்தையார் பிடித்துவிட்டார். கூடவே தன் முழங்கால் வலியைப் பற்றியும் இரண்டு வரி எழுதினார். அப்புறம் அவளுக்கு வெட்கமே போய்விட்டது. ஒன்றைத் திருத்துவாள், இன்னொன்றை நட்டு வைப்பாள்.

வேறு என்ன செய்வாள்? வீட்டில் ஈ காக்கை கிடையாது. பொட்டலம் கொண்டுவருகிறவர் மணியடித்தால், தொண்டையைச் செருமிக்கொண்டுதான் வாயைத் திறக்க வேண்டியிருந்தது. பல நாள் அவளுடைய முதல் பேச்சும் கடைசிப் பேச்சும் அதுதான்.

"காசா பணமா, எதுக்குக்கா இந்த வெட்டி வேலை? பேசாம ஒரு நாய் வளத்துக்கோயேன்" என்றான் தம்பி, போனில்.

"நாய்க்குத் தசமம் தெரியாதுடா."

அவன் சிரித்துவிட்டு வைத்துவிட்டான். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது.

இன்று காலை ஆந்தையார் எழுதியிருந்தார். புதிய பதிப்புக்கு மாலையோடு கதவைச் சாத்துகிறார்கள். அதற்குள் சுத்தமாக வந்துவிட்டால் அவள் கணக்கும் சேரும். இல்லாவிட்டால் அடுத்த வருடம்தான்.

பிழையை விட்டு வைத்தால் ஒரு வருடத்துக்குப் பேச்சுத்துணை. எடுத்துவிட்டால் கணக்கு கரையேறும். ஆனால் ஏற்றுக்கொண்ட கையோடு அந்த உரையாடலைப் பூட்டிவிடுவது அங்கே வழக்கம். அதன்பின் ஆந்தையார் யாரோ, அவள் யாரோ.

மதியம் முழுக்க அல்லாடினாள். தான் நாலு வார்த்தை பேசுவதற்காக, முகம் தெரியாத நோயாளிகளைக் காக்க வைப்பதா? மனசு கேட்கவில்லை.

அனுப்பிவிட்டாள்.

போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அதற்குள் பதில் வந்திருந்தது. "ஏற்றுக்கொள்ளப்பட்டது. வாழ்த்துகள்." அவ்வளவுதான். மழையும் இல்லை, முழங்காலும் இல்லை. எழுதும் கட்டம் சாம்பல் நிறமாகிப் பூட்டிக்கொண்டது.

வாழ்நாள் உழைப்பு போய்ச் சேர்ந்திருக்கிறது. கொண்டாட வேண்டும். அவளோ கணினியை மூடப் போனாள்.

மூடுவதற்குள் புதிதாக ஓர் உரையாடல் திறந்தது. ஆந்தைப் படம்.

"விளக்கக் குறிப்பில் நீங்கள் கொடுத்திருக்கும் உதாரணத்தில் மூன்றாவது விடை தவறு போலிருக்கிறது. அவசரமில்லை. நிதானமாகப் பாருங்கள்."

சுத்தமாக அனுப்பியதாக அல்லவா நினைத்தாள்? கணினியில் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். விடை சரி. நம்பாமல் பென்சிலை எடுத்துக் காகிதத்தில் போட்டுப் பார்த்தாள். கடைசி இலக்கம்வரை சரி.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆந்தையாருக்கு இதுவரை ஒருநாளும் சறுக்கியதில்லை.

பென்சிலை வைத்துவிட்டு, அந்த ‘அவசரமில்லை’யை மறுபடி படித்தாள். ஆந்தையாருக்கும் பேச ஆளில்லாமல் இருக்கலாம் என்று இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றியதில்லை.

பிறகு எழுதினாள்.

"ஆமாம், பார்க்க வேண்டியதுதான். கொஞ்ச நாள் பிடிக்கும்."