நாலுகால் பின்னல்

மூளையில் நரம்பிழைகள் ஓடும் வழியை ஸ்கேனில் படமெடுப்பது என் வேலை. இந்த முறை படுத்திருந்தவள் என் தங்கை. போன வாரப் படத்தில், வலது கையை அசைக்கும் இழைகள் கட்டிக்குள் கலைந்து கிடந்தன. கட்டியை வெட்டினால் கை போய்விடும் என்றார் டாக்டர்.

இன்றைய படத்தில் அவை ஒதுங்கி, நாலுகால் பின்னலாக இருந்தன.

"கத்தி வைக்க இடம் கிடைச்சிடுச்சே!" என்றார் டாக்டர்.

எங்கள் வீட்டில் நாலுகால் பின்னத் தெரிந்தவள் அக்கா மட்டும்தான். பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில், சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு தங்கைக்குப் பின்னிவிடுவாள். அவள் இறந்து முப்பது வருடம் ஆகிறது.

மெஷினிலிருந்து வெளியே வந்த தங்கை, மழித்த தலையைத் தடவிக்கொண்டே அன்றுபோலவே சிணுங்கினாள்.

"அண்ணா, அக்காவ மெதுவா இழுக்கச் சொல்லேன்."