குதிரை வண்டியில் ஓர் அறை

கல்யாண மாப்பிள்ளைகளை ஊர்வலத்தில் சுமக்கும் தன் குதிரையை ஊர் ஊராக ஏற்றிச் செல்ல ஞானப்பிரகாசம் புது லாரி வண்டி செய்யக் கொடுத்திருந்தார். வண்டியின் முன்பக்கத்தில் டாரில் என்ற குதிரைக்காரப் பையன் தங்க ஒரு சின்ன அறை. அதில் எதை இப்போதே வைப்பது, எதைப் பிறகு சேர்ப்பது என்று ஆயர் ஈத்தாம் ஊர்ப் பட்டறைக்காரர் செல்லப்பன் கேட்டார்.

“ஏர்கோன், பாஸ்?”

“குதிரைப் பக்கம் போடுங்க. மாப்பிள்ளை ஏறுற குதிரை வேர்த்து வழிஞ்சா நம்ம மானம் போயிடும். டாரிலுக்கு ஜன்னல் போதும்.”

“மெத்தை?”

“பிறகு பார்க்கலாம். பலகையில படுத்தா முதுகுக்கு நல்லது.”

கூட வந்திருந்த மனைவி ஜெரால்டின் மெல்லக் கேட்டாள். “நல்லா யோசிச்சிட்டீங்களா? ராத்திரி முழுக்க அங்கதானே படுக்கணும்?”

“அவனுக்கு எஸ்டேட்டுல உழைச்ச உடம்புமா. எங்க போட்டாலும் தூங்கும்.”

“டாய்லெட்?” என்றார் செல்லப்பன்.

“வழியெல்லாம் பெட்ரோல் ஸ்டேஷன் இருக்கு லா!”

கொசுவலைகூட அடுத்த வருஷத்துக்குப் போனது.

வண்டி வீடு வந்து சேர்ந்தது. “சனிக்கிழமை பொந்தியான்ல கல்யாணம். டாரிலைக் கூப்பிடு” என்றார் பெருமையாக.

“அவன் சிங்கப்பூர்ல வேலை கிடைச்சுப் போயிட்டான்ங்க. நாம பட்டறைக்குப் போன அன்னைக்குக் காலையிலதான் போன் பண்ணிச் சொன்னான்.”

“அலமாக்! அப்ப குதிரைகூட யாரு போறது?”

“அது உங்களை விட்டா வேற யாரையும் கிட்ட சேர்க்காதே” என்று ஜெரால்டின் ஒரு தலையணையை அவர் கையில் கொடுத்தாள்.

“இதை அங்கேயே சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்லியிருந்தா மெத்தை போட்டிருப்பீங்களே!”