வலப்பக்கமாக ஒரு சுற்று

ரஷ்யாவின் பெர்ம் நகரப் பனிச்சறுக்கு அரங்கில் வெள்ளை விளக்கு கண்ணைக் குத்துகிறது. எதிராளி யெகோர் சற்றுமுன் பிசகில்லாமல் சறுக்கிவிட்டுப் போனான். ஆனாலும் உயிரில்லாத ஆட்டம். இப்போது பனியில் இருப்பவன் என் இளைய மகன் ரொதியோன், போன ஆண்டின் சாம்பியன். கடைசித் தாவலில் காற்றிலேயே நாலு சுற்றுச் சுற்றி இறங்கினால் பட்டம் இவனுக்கு, தவறினால் யெகோருக்கு. நடுவர்களை நான் நம்புகிறவன் இல்லை. கைக்குள் கொறிக்க வைத்திருந்த சூரியகாந்தி விதைகள் வேர்வையில் ஒட்டுகின்றன. “மூச்ச விடுய்யா, தாவப்போறது நீ இல்ல,” என்கிறாள் என் மனைவி ஸீனா. எப்போதும் இடப்பக்கமாகவே சுற்றுகிற ரொதியோன் தோளை வலப்பக்கம் திருப்புகிறான். சறுக்குக் காலணியின் கத்தி பனியைக் கிழிக்கிறது. ஒரே ஒரு சுற்றுதான். இடது கை தொங்க இறங்குகிறான். “ஒத்தச் சுத்தா? போச்சு, யெகோருக்குத்தான்,” என்கிறான் பின்வரிசைக்காரன் ஒருவன். எங்கள் வீட்டில் வலப்பக்கம் சுற்றியவன் மூத்தவன் கிளேப் மட்டும்தான். அவனுக்கும் இறங்கும்போது இடது கை தொங்கும். உறைந்த காமா ஆற்றுப் பனி உடைந்து உள்ளே போய்ச் செத்தவன் அவன். ஸீனா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்கிறாள். “யாருய்யா அது?” நடுவர்கள் குனிந்து எண்களைத் தட்டுகிறார்கள். எல்லாரும் மதிப்பெண் பலகையை அண்ணாந்து பார்க்கிறார்கள். நாங்கள் இருவரும் பனியில் நிற்கிறவனின் தொங்கும் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.